மூன்று நிமிடம் முப்பத்தாறு நொடி

1

நேற்று மத்தியானம் எங்கள் ஆபீசில் யாரோ பாப்கார்னைக் கருக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் ஆபீஸ் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதெல்லாம் ஒரு சேதியா என்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கும். புகை மேலே போய்க் கூரையில் இருக்கும் அலாரத்தைத் தொட்டதும் கட்டடம் முழுக்க அலறும். நாலு மாடிக்காரர்களும் படியிறங்கி, கார் நிறுத்துமிடத்தில் போய் வரிசையாக நிற்கவேண்டும். நாற்காலியில் தொங்கும் கோட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது, சட்டம். பிப்ரவரிக் குளிரில் பல் கிட்டித்துப்போகும். தீயணைப்பு வண்டி வந்து, தலைக்கவசத்தோடு மூன்று பேர் உள்ளே போய், கறுத்துப்போன காகிதப் பை ஒன்றை வெளியே கொண்டுவந்து போடுவார்கள். அதற்குக் கைதட்டல் வேறு.

கருக்கியவள் ஒரு புதுப் பெண். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. முகமெல்லாம் சிவந்துபோய், "பையில் போட்டிருந்தபடி மூணு நிமிஷம்தான் வைத்தேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டடப் பராமரிப்பு பார்க்கும் கிழவர் அவள் பக்கத்தில் போய், "உன் மேல் தப்பு இருக்காது பெண்ணே. முதலில் அந்த மெஷினைப் பார்க்கிறேன்" என்றார்.

அவ்வளவுதான். எல்லாரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். நான் மட்டும் அந்தக் குளிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் இருக்கும் என் அக்காவிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. நான் சொன்னது வேறு. அதை எழுதித் தொலைத்தால்தான் இன்றைக்குத் தூக்கம் வரும்போல் இருக்கிறது.

2

விஜயா அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். நான் கல்லூரி முதல் வருஷம் படிக்கும்போது அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டைத் தூக்கி நிறுத்தியது அவள்தான். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் கிளார்க். அட்மிஷன் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், தபால், எல்லாம் அவள் கையில். இருபத்தாறு வருஷம் அதே நாற்காலி. கல்யாணம் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். நானும்தான் விட்டுவிட்டேன். எனக்கு அப்போது ஒஹையோவில் வேலை கிடைத்திருந்தது.

அம்மாவுக்கு எழுபது வயதை ஒட்டி மறதி வந்தது. முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினாள். பிறகு, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். பருப்பை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எத்தனை பாத்திரம் தீய்ந்து போயிற்று என்று கணக்கே இல்லை. அக்கா சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் திரும்பும்போதே மோப்பம் பிடித்துக்கொண்டுதான் வருவாளாம். கருகல் வாசனை வந்தால் ஓடுவாளாம். ஆறு வருஷம் அப்படி ஓடினாள். கடைசியில் அம்மாவுக்கு அக்காவின் பெயரும் மறந்துபோனது. என் பெயர் மட்டும் நினைவில் இருந்தது என்று அக்கா ஃபோனில் சொல்லுவாள், கொஞ்சங்கூடப் பொறாமை இல்லாமல்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கருகல் வாசனைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

3

அம்மாவின் முதல் வருஷத் திவசத்துக்கு நான் ஊருக்குக் கிளம்பினேன். என் மனைவி மாலதிதான் சொன்னாள்: "அக்கா தனியா இருக்காங்க. ஸ்கூல் விட்டு வந்து ஒருத்திக்காக அடுப்பு பத்த வெக்கணும். நம்ம மைக்ரோவேவை எடுத்துட்டுப் போங்களேன்." நல்ல யோசனை. எங்களுக்கும் புதிதாக ஒன்று வாங்கச் சாக்கு கிடைத்தது.

ஆக, நான் கொண்டுபோனது எங்கள் வீட்டுப் பழசு. நாலு வருஷம் உழைத்த பெட்டி. வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பெட்டி கட்டுகிற எவனையும் கேளுங்கள், இந்தக் கயமை எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. நமக்கு அலுத்த சாமானைத் துடைத்து, பாலிதீன் உறை போட்டு, ஊரில் கொண்டுபோய் இறக்கி, 'உனக்காகவே கொண்டுவந்தேன்' என்போம். நானும் அதைத்தான் சொன்னேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீடே அமளி. விமானத்தில் ஒரு பெட்டிக்கு முப்பத்திரண்டு கிலோ. நான் குளியலறைத் தராசின் மேல் அட்டைப்பெட்டியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். மைக்ரோவேவின் உள்ளே இருந்த கண்ணாடித் தட்டை என் பெண் அனு கழுவிக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தட்டைப் பழைய துண்டில் சுற்றி உள்ளே வைத்துக் கயிறு கட்டும்போது அவள் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, திஸ்..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "அஞ்சு நிமிஷம்டா கண்ணா" என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். இங்கே வளரும் குழந்தைகள் இரண்டாம் தடவை கேட்பதில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவளும் போய்விட்டாள்.

மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "இதுல என்ன சார்?"

"மைக்ரோவேவ். பழசு."

"பழசா? அதைப் போயா அங்கேருந்து தூக்கிட்டு வரீங்க?" என்றார். உண்மையிலேயே அவருக்கு ஆச்சரியம். சாக்கட்டியால் ஒரு குறி போட்டு அனுப்பிவிட்டார்.

அமெரிக்கச் சாமானுக்கு நூற்றுப்பத்து வோல்ட். நம் ஊரில் இருநூற்றுமுப்பது. எனக்குத் தெரியாததா? நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். மவுண்ட் ரோடு பக்கம் அலைந்து, அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தேன். திவசம், உறவுக்காரர்கள், பாங்க் வேலை என்று நாள் ஓடி, பெட்டியைப் பிரிக்கக் கடைசி நாள்தான் நேரம் வாய்த்தது. சமையல் மேடையில் வைத்து, தட்டைப் பொருத்தி, ஒரு தம்ளர் பாலைச் சூடு பண்ணிக் காட்டினேன். அக்கா விரலால் தொட்டுப் பார்த்து, "அட, கொதிக்குதேடா" என்றாள். கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்துக் கொடுத்தேன். இரண்டு டஜன் பாப்கார்ன் பைகளை அலமாரியில் அடுக்கினேன். இன்டர்வெல்லில் பாப்கார்ன் தின்பதற்காகவே அவள் சினிமாவுக்குப் போன காலம் ஒன்று உண்டு. வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டேன்.

4

அதற்குப் பிறகு எல்லாம் ஃபோனில்தான். அந்தக் காலத்து ஃபோன் கார்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, பன்னிரண்டு எண் அழுத்தி, 'உங்களுக்கு இன்னும் இத்தனை நிமிடம் இருக்கிறது' என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்ன பிறகுதான் அக்கா குரல் கேட்கும். எனக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், அவளுக்குக் காலை.

"முரளி, சோறு ஓரத்துல எல்லாம் ஆவி பறக்குதுடா. நடுவுல பாத்தா சில்லுனு இருக்கு."

என் தொழில் மென்பொருள் சோதனை. எங்கே பிழை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். ஆகையால் ரொம்ப முறையாகவே ஆரம்பித்தேன். "குவிச்சு வெக்காதே அக்கா. பரப்பி வை. நடுவுல மெதுவடை மாதிரி ஒரு குழி பண்ணு. பாதி நேரத்துல வெளிய எடுத்துக் கிளறிட்டு மறுபடி வை. எடுத்ததும் ரெண்டு நிமிஷம் மூடி வெச்சிட்டு அப்புறம் சாப்பிடு. சூடு உள்ள பரவணும்."

எல்லாம் சரியான யோசனைதான். அத்தனையும் செய்தாள். அடுத்த வாரமும் நடுவில் சில்லென்றுதான் இருந்தது.

"தட்டு சுத்துதா?"

"சுத்துது. ஆனா ஆடுதுடா. கொஞ்சம் கனமா வெச்சா ஒரு பக்கமா சாஞ்சு நின்னுடுது."

"நீ ஓரமா வெச்சிருப்பே. நட்டநடுவுல வை."

"நடுவுலதான் வெக்கறேன்."

"சரியாப் பாத்து வை அக்கா."

அப்புறம் பாப்கார்ன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே தின்னலாம் என்று ஒரு பையை வைத்திருக்கிறாள். அடியில் பாதி கரி.

"எவ்ளோ நேரம் வெச்சே?"

"பையில போட்டிருக்கற மாதிரி மூணு நிமிஷம்."

"நாலு அழுத்தியிருப்பே."

"மூணுதான்டா அழுத்தினேன்."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தியா?"

"போட்டுக்கிட்டுதான் பாத்தேன்னு நினைக்கறேன்" என்றாள். நினைக்கறேன் என்ற அந்த வார்த்தை அவள் வாயில் புதிது. நான்தான் அதை அங்கே வைத்தேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொரு நாள், "இந்தப் பொட்டியில மணியும் நிக்க மாட்டேங்குதுடா. காலைல சரியா வெச்சுட்டுப் போறேன், சாயங்காலம் வந்து பாத்தா தப்பா இருக்கு" என்றாள். தாம்பரத்தில் கரண்ட் போகாத நாள் உண்டா? "கரண்ட் போய் வந்திருக்கும் அக்கா. அதான்" என்று முடித்துவிட்டேன். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

5

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. அக்காவோடு அதே பள்ளியில் வேலை பார்ப்பவர். நல்ல மனுஷி. தானாக என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க முரளி. நேத்து உங்க வீட்டு ஜன்னல்லேருந்து ஒரே புகை. ஓடிப் போய்ப் பாத்தா விஜயா மேடம் கிச்சன்ல கைய பிசைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. இது ரெண்டாவது தடவை. கேட்டா, 'நான் சரியாத்தான் அழுத்தினேன் ஸ்டெல்லா, சரியாத்தான் அழுத்தினேன்'னு அதையே சொல்றாங்க. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது, அதான் சொல்லிடலாம்னு..."

அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது. கருகல் வாசனை, தப்பான மணி, சொன்னதையே சொல்வது. எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துவிட்டேன். மாலதி, "அவசரப்படாதீங்க, ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றாள். எனக்கு அவசரம். ஐம்பத்துநாலு வயது, தனியாக இருக்கிறாள், காஸ் அடுப்பு வேறு. பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, தினமும் ஃபோன் மணி அடித்தால் நெஞ்சு பதறிக்கொண்டு நான் இருக்க முடியாது. ஆமாம், என் பதற்றம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கூடுவாஞ்சேரி தாண்டி, புது மனைகளுக்கு நடுவில் வயதானவர்களுக்கான ஒரு விடுதி இருப்பதாக ஒரு நண்பன் சொன்னான். மூன்று வேளைச் சாப்பாடு, நர்ஸ், தனி அறை. பேசி முடித்தேன். அக்காவை ஃபோனில் கூப்பிட்டு, வேலையை விட்டுவிடச் சொன்னேன்.

"வேலைய விடணுமா?" என்றாள்.

"ஸ்கூல்ல ஏதாவது தப்பு நடந்தா அசிங்கம் அக்கா. ஒருத்தர் சர்டிஃபிகேட்ல தப்பாப் போட்டுட்டா? நாமே மரியாதையா விட்டுடலாம்."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "எனக்கும் பயமாத்தான்டா இருக்கு. அம்மா கடைசில இருந்ததைப் பாத்தவ நான்தானே" என்றாள். ராஜினாமாக் கடிதத்தை ஃபோனில் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். 'உடல்நலம் கருதி' என்று போடச் சொன்னதும் நான்தான். மறுநாள் பள்ளிக்குப் போய், அந்தக் கடிதத்தைத் தன் கையாலேயே தபால் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, முத்திரை குத்தி, தாளாளர் மேஜையில் வைத்திருக்கிறாள். அங்கே வரும் கடிதங்களைப் பதிவு பண்ணுகிற ஆள் அவள்தானே.

6

அவளை விடுதியில் கொண்டுபோய் விடுவதற்காக மூன்று வார லீவில் வந்தேன். வீடு பாதி காலியாகி இருந்தது. ஹாலில் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி ஒட்டியிருந்தாள், பள்ளிக்கூட ஆபீஸ் பாணியில், கீழே தேதியோடு. மறதிக்காரி கட்டிய பெட்டியா அது? என் கண்ணில்தான் படவில்லை.

இரண்டாம் நாள் விடுதியைப் பார்க்கப் பஸ்ஸில் போனோம். அறை சுத்தமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாக மனைக்கற்கள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். வெளியே வந்ததும், "இவ்ளோ தூரம் வந்தாச்சு. இன்னும் கொஞ்சம் போனா சிங்கப்பெருமாள் கோவில். நரசிம்மரைப் பாத்துட்டுப் போயிடலாமா?" என்றாள். போனோம். ரொம்ப நேரம் கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியில் இரண்டு பாப்கார்ன் பைகள் மிச்சம் இருந்தன. "இரு, எப்படிப் பண்றதுன்னு நான் காட்டறேன்" என்று எழுந்தேன். அதில் ஒரு தோரணை வேறு. பையின் மடிப்பைப் பிரித்து, எழுதியிருக்கும் பக்கம் மேலே பார்க்க, நட்டநடுவில் வைத்தேன். தட்டு கொஞ்சம் ஆடியது. மேடை மட்டமில்லை என்று பழைய காலண்டர் அட்டையை மடித்துப் பெட்டியின் காலுக்கடியில் சொருகினேன். மூன்று நிமிடம். அழுத்தினேன்.

பொரிய ஆரம்பித்தது. அதன் வேகம் குறைந்தது. நின்றது. பெட்டி இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே மஞ்சளாகப் புகை சுழன்றது. நான் ஓடிப் போய்க் கதவைத் திறப்பதற்குள் சமையலறை முழுக்க அந்த வாசனை.

அக்கா சமையலறை வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, துண்டால் புகையை விசிறினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கரிப்பையை எடுத்துக்கொண்டு குப்பைத்தொட்டிக்குப் போனேன்.

7

டிரான்ஸ்ஃபார்மரில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தாம்பரம் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. டில்லி என்று ஒருவர், ஐம்பது வயது இருக்கும், தரையில் சம்மணம் போட்டுத் தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"ட்ரான்ஸ்பாரம் ஷோக்காத்தான் கீது சார். கரீட்டா நூத்திப்பத்து குட்க்குது. இன்னா பிராப்ளம்?"

சொன்னேன்.

"பொட்டி எந்தூரு?"

"அமெரிக்கா."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "அதான் மேட்டரு. ஓல்டேஜ மாத்திக்கின. சைக்கிளு? அத்த மாத்துனியா?"

எனக்கு அங்கேயே விஷயம் விளங்கிவிட்டது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "கரண்டு செகண்டுக்கு எத்தினி தபா போய்ப் போய் வர்துன்னு ஒரு கணக்கு கீது சார். அங்க அறுவது. இங்க அம்பது. இத்த எந்தக் காயிலும் மாத்தாது, நான் கட்னாலும் சரி, எங்கப்பன் கட்னாலும் சரி. உன் பொட்டிக்குள்ள கீற கடியாரம் அத்த எண்ணிக்கினுதான் ஓடுது. அறுவது எண்ணுனா ஒரு செகண்டுன்னு சொல்லி அனுப்பிகிறான் அவன். இங்க அறுவது எண்றதுக்கு அதுக்கு லேட்டாவுது. மணிக்குப் பத்து நிமிசம் பின்னால இஸ்த்துக்கும். பாவம், அது இன்னா பண்ணும்?"

"நான் மூணு நிமிஷம்னு வெச்சா..."

"மூண்ரைக்கு மேல ஓடும். சோளம் கருகாம இன்னா ஆவும்?"

எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் நான். ஐம்பதும் அறுபதும் எனக்குப் பாடத்தில் வந்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டில் நின்று மனக்கணக்குப் போட்டேன். மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம் முப்பத்தாறு நொடி. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கடிகாரம் பின்னால் போகும். அக்கா ஒரு தடவைகூடத் தப்பாக அழுத்தவில்லை.

8

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா நம்பவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து, மூன்று நிமிடம் அழுத்தி, அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். அவள் கடிகாரத்தில் மூன்று நிமிடம் முடிந்தபோது பெட்டியில் இன்னும் முப்பது நொடி மிச்சம் இருந்தது. அது தீர்ந்து மணி அடிக்கும்வரை கண்ணாடியைச் சரிசெய்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கரண்ட் போனா சைபர் சைபர்னு மின்னும்டா. பின்னாடி போகாது. அது எனக்கு அன்னிக்கே தெரியும். நீ கரண்ட்தான்னு சொன்னே. நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். தினம் காலைல ஏழு மணி நியூஸ் பாத்து மணி வெப்பேன். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாத்தா அது அஞ்சு காட்டும். ராத்திரி எழுந்து எழுந்து வந்து காஸை மூடினேனான்னு பாப்பேன். ஸ்கூல்ல ஒரு லெட்டரை மூணு தடவை படிச்சுட்டுத்தான் கையெழுத்துக்கு வெப்பேன்."

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

"சந்தேகம் என் மேல வந்துச்சே முரளி. ஏன் பொட்டி மேல வரலை?"

அமெரிக்காவிலிருந்து வந்த சாமான் தப்புப் பண்ணாது, தாம்பரத்தில் இருக்கும் அக்காதான் தப்புப் பண்ணுவாள் என்று என் மனசு எந்த வருஷம் தீர்மானித்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் இரண்டு பேருமாகப் பள்ளிக்கூடம் போனோம். தாளாளர் தங்கமான மனிதர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். "மேடம், நீங்களா எழுதிக் குடுத்தீங்க. உடல்நலம்னு போட்டிருந்தீங்க. நான் எப்படி மறுக்கறது? நேத்துதான் புது ஆளுக்கு ஆர்டர் குடுத்தோம். அந்தப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்த வேலைய விட்டுட்டு வந்திருக்கு." அக்கா, "பரவாயில்ல சார். பாவம், அது என்ன பண்ணும்" என்றாள். ஆபீஸ் அறையைத் தாண்டும்போது உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அட்மிஷன் சமயத்தில் ஒரு மாதம் உதவிக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடுகிறார்கள். போகிறாள். அவள் நாற்காலி அந்தப் பெண்ணுக்கு, இவளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

விடுதிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டிய பெட்டிகளை அவளே பிரித்தாள். இந்திய மைக்ரோவேவ் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "பொட்டியே வேணாம்டா. அடுப்பு இருக்கு" என்றாள். அந்தப் பழசு மட்டும் அங்கேயே, மேடையில், பூ போட்ட துணி மூடி நிற்கிறது. கொண்டுபோய்ப் போடவும் அவளுக்கு மனசு வரவில்லை. தம்பி கொண்டுவந்தது.

9

கதை இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு காலம் கழித்து உங்களிடம் வந்து புலம்பமாட்டேன்.

அந்தத் தடவை ஊரிலிருந்து திரும்பிய வாரம், பாட்டில் திறப்பானைத் தேடிச் சமையலறையில் ஓர் இழுப்பறையைக் குடைந்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் வளையம். மூன்று சின்னச் சக்கரங்கள். மைக்ரோவேவில் கண்ணாடித் தட்டுக்கு அடியில் இருக்குமே, அது. அது இல்லாவிட்டால் தட்டு நடுவில் இருக்கும் மொட்டின் மேல் மட்டும் நிற்கும். ஆடும். கனம் வைத்தால் சாயும், நின்றுவிடும். நின்றால் சோறு ஓரத்தில் கொதிக்கும், நடுவில் சில்லென்று இருக்கும்.

அனு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஓ, தட்" என்றாள். "அன்னிக்கே சொல்ல வந்தேன்ப்பா. நீங்கதான் ஃபைவ் மினிட்ஸ்னு சொன்னீங்க." ஜூஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஒரு தப்பை ஒப்புக்கொண்டதிலேயே களைத்துவிட்டேன். வேலை போனதும் போயிற்று, இனிமேல் வளையத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வளையத்தை அதே இழுப்பறையில், அதே இடத்தில் வைத்து மூடினேன். வீடு மாறினோம், அதுவும் கூடவே வந்தது. அனு வேறு ஊரில் கல்லூரிக்குப் போய்விட்டாள். ஃபோன் கார்டு போய் வேறு வசதியெல்லாம் வந்துவிட்டது. நானும் ஒவ்வொரு ஞாயிறும் அக்காவைக் கூப்பிடுகிறேன். அவளுக்கு இப்போது அறுபது. மறதி என்று ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் காலண்டரில் எழுதி வைக்கிறாள். காஸ் மூடியதற்குக்கூட டிக் அடிக்கிறாள் என்று ஸ்டெல்லா டீச்சர் சொன்னார். "முன்ஜாக்கிரதைதான்டா" என்பாள்.

நேற்று ராத்திரிச் சாப்பாடு ஆனதும் இழுப்பறையைத் திறந்து வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்கு ஃபோன் போட்டேன்.

"என்னடா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே? அனுவுக்கு உடம்பு சரியா இருக்கா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் அக்கா. அந்த மைக்ரோவேவ் இருக்கே..."

"மூடி வெச்சிருக்கேன். ஏன்?"

சொன்னேன். வளையம், இழுப்பறை, அனு சொல்ல வந்தது, ஆறு வருஷமாக நான் சொல்லாதது, எல்லாம். பழசைப் புதுசுபோல் கொடுத்ததைக்கூடச் சொன்னேன். அவள் வீட்டுக்குப் பின்னால் மின்சார ரயில் போகும் சத்தம் கேட்டது. அது போய் முடிந்தது. கோபப்படுகிறாளோ என்று, "அக்கா, இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன்" என்றாள். பிறகு, ரொம்ப மெதுவாக, "மணிதான் தப்புன்னு அன்னிக்கு நீ காட்டினே. சோறு மட்டும் நான்தான் சரியா வெக்கத் தெரியாம வெச்சேன்னு இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டிருந்தேன்டா" என்றாள்.

கையில் இருந்த வளையத்தின் சக்கரம் ஒன்றை விரலால் உருட்டினேன்.

"அப்போ அதுவும் நான் இல்லையா?"

"இல்லக்கா. அதுவும் நீ இல்ல."

"சரி" என்றாள். "இரு, வெச்சுடாதே. காலண்டர்ல எழுதிக்கறேன்."